இரத்தத்தில் தேடிய புழு

1

ஆய்வுகூட வேலையில் நான் விட்ட பெரிய பிழை, "ஒண்டுமில்லை அண்ணை" என்று சொன்னதுதான்.

சிவநேசன் அண்ணை டென்மார்க்கில், பிராண்டே ஊரின் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அதற்கு முன் மூன்று வருடம் ஆப்பிரிக்காவில், கமரூனில் பாலம் கட்டியவர். உடம்பெல்லாம் சொறி. பூச்சிக்கடியால் வந்த புழுவோ என்று டொக்டர் எழுதி அனுப்பியிருந்தார். புழு என்றதும் எனக்கு ஊர் நுளம்பும் யானைக்காலும்தான் நினைவுக்கு வந்தன. இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் பூசிப் பார்த்தேன். சுத்தம். டொக்டர் சொல்லவேண்டியதை, எங்கட ஆள்தானே என்ற உரிமையில் நானே போனில் சொல்லிவிட்டேன்.

2

இரண்டு மாதம் கழித்து ஒரு பிறந்தநாள் விழாவில் அவரைக் கண்டேன். சொறிந்துகொண்டுதான் இருந்தார்.

"என்ன அண்ணை, இன்னும் மாறேல்லையோ?"

"இல்லை தங்கச்சி. ஒண்டுமில்லை எண்டு நீர் சொன்னபடியால் டொக்டரிட்டைத் திரும்பிப் போகேல்லை. இப்ப கார் ஓடேக்கை கண்ணுக்கு முன்னாலை புகைமூட்டம் மாதிரி."

"அங்கை நுளம்பு கனக்கவோ?"

"நுளம்பில்லை. ஆறு பாயிற இடத்திலை ஒரு கறுத்த குட்டி இலையான். பகல் முழுக்கக் காலைக் கடிக்கும்."

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அந்தக் கறுப்பு ஈ பரப்பும் புழு, இரத்தத்தில் அல்ல, தோலில் இருக்கும். கண்ணுக்குள்ளும் போகும்.

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் என் பிழையை ஒப்புக்கொண்டேன். அண்ணையை ஆய்வுகூடத்துக்கே கூப்பிட்டு, அவருடைய தோலில் எள்ளளவு கிள்ளி எடுத்தார் டொக்டர். அதை உப்புநீரில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மைக்குரோஸ்கோப்பின் வெளிச்ச வட்டத்தில் நீர் அசையாமல் கிடந்தது. பார்த்துப் பார்த்து நானே அந்த ஆற்றங்கரையில் நிற்பதுபோல இருந்தது, இரைச்சல்கூடக் கேட்டது. அப்போது தோலின் ஓரத்திலிருந்து நூல்துணுக்குப் போல ஒன்று நெளிந்து வந்தது. பிறகு இன்னொன்று. அழகாகத்தான் இருந்தன. அப்படி நினைத்ததற்கு என்மேலேயே கோபம் வந்தது.

அண்ணையும் குனிந்து பார்த்தார். "இதுகளோ என்ர கண்ணைப் பிடுங்க வந்தது?" பிறகு குரல் இறங்கியது. "சில்க்போர்க் ஆத்திலை மகளோடை மீன் பிடிக்கிறனான். இங்கை என்னைக் கடிக்கிற இலையான் பிறகு அவளையும் கடிச்சால்?"

இங்குள்ளவை இதைப் பரப்புவதில்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அவர் புழுவுக்கு விழுங்கவேண்டிய குளிசையைக் கையில் வாங்கினார்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எது கடித்தது என்று முதலில் கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள். "இந்தத் துளியில் காணவில்லை" என்று சொல்லுங்கள்.

அண்ணையின் வலக்கண் தப்பிவிட்டது. இடக்கண்ணில் அந்தப் புகைமூட்டம் இன்னும் இருக்கிறது. மீன் பிடிக்கப் போனால், மகள் எப்போதும் அவருக்கு இடப்பக்கமாகத்தான் நிற்பாளாம்.