வெறுமனே ஓடிய மெஷின்

மனைவி இறந்த பிறகு, லோயர் கேம்ப் ஊரில் உள்ள வீட்டில் எனக்குத் துணை கல் தேய்க்கிற மெஷின்தான். ஆற்றில் பொறுக்கிய கல், உடைந்த பாட்டில் கண்ணாடி எல்லாவற்றையும் மோதிரக் கல் மாதிரி உருட்டி மெருகேற்றுவேன். சத்தம் யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாதென்று கதவைத் தாழிட்டுக்கொள்வேன்.

அன்று தேய்க்கும் சக்கரத்தில் சூடு தணியச் சொட்டும் தண்ணீர் நின்றதைக் கவனிக்கவில்லை. கண்ணாடி சூடேறித் தெறித்து மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் தலைசுற்றி விழுந்தேன். கூப்பிட ஆள் இல்லை.

கதவை யாரோ இடித்தார்கள். தவழ்ந்து போய்த் திறந்தேன். அடுத்த வீட்டு செல்வி. நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது.

"கல்லு தேயிற சத்தம் இல்லாம மெஷின் மட்டும் ஓடுச்சுண்ணே. அதான் ஓடியாந்தேன்" என்றபடி துண்டால் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினார்.

இப்போது தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே தேய்க்கிறேன். கதவைத் தாழிடுவதே இல்லை.