ஐப்பசியில் வரவேண்டிய அதிகாரம்

என் மனைவி எலும்புருக்கி நோயில் படுத்திருந்த வருடம், வேதப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அவளுக்கு வாசித்துக் காட்டுவது என்று வைத்துக்கொண்டேன். அவள் கேட்டது அதில் ஒரே ஒரு அதிகாரம். அதை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் அது எப்படி நடந்தது என்ற விவரம்.

அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. நான் புதுச்சேரியில் படித்து, பாகூர் மேரியில், அதாவது கொம்யூன் என்கிற ஊராட்சியின் அலுவலகத்தில், எழுத்தராக இருந்தேன். பிறப்பு, இறப்பு, கல்யாணம் இவற்றைப் பதிகிற வேலை. ஏரிக்குக் கீழே, வயலை ஒட்டி எங்கள் வீடு. பிள்ளை இல்லை. கணவனை இழந்த என் அக்கா எங்களோடு இருந்து சமையலைப் பார்த்துக்கொண்டாள். என் மனைவி பனித்திட்டுக்காரி. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அந்த ஊரில் இருந்த இரண்டொரு கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பங்களில் அவர்களுடையது ஒன்று. கோயில் பங்குச் சாமியார் பார்த்து முடித்துவைத்த சம்பந்தம்.

எங்களைப் போன்ற கத்தோலிக்கர் வீட்டில் அந்தக் காலத்தில் வேதப்புத்தகம் இருக்காது. கோயிலில் பூசை லத்தீனில் நடக்கும். பிரசங்கத்தில் சாமியார் சொல்வதுதான் எங்களுக்குத் தெரிந்த வேதம். நான் கடலூரில் ஒரு புராட்டஸ்டண்டு புத்தகக்காரரிடம் முழு வேதாகமத்தை வாங்கிவந்தேன். சாமியாருக்குத் தெரிந்தால் சும்மா விடமாட்டார் என்று அதைக் குதிருக்குப் பின்னால் வைத்திருந்தேன். புத்தகத்துக்குள் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் அன்றைக்கு வாசிக்கவேண்டிய அதிகாரங்கள். ஆதியில் தொடங்கி வரிசையாகப் போனால் ஒரு வருடத்தில் முழுவதும் முடிந்துவிடும். ஜனவரி முதல் தேதி தொடங்கினேன். வாசித்து முடித்ததும் மேரியிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பென்சிலால் கட்டத்தின் குறுக்கே கோடு போடுவேன்.

முதலில் அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. யோசேப்பைக் கிணற்றில் தள்ளிய அன்று அழுதாள். வம்ச வரலாறு வந்தபோது சிரித்தாள்.

"இன்னாங்க, வெறும் பேரா படிக்கிறீங்க? ஓட்டுப் பட்டியலா?"

"அதுவும் வேதம்தான்."

"செத்தவன் பேரெல்லாம் அதுல கீதே. நம்ம ஊரு பட்டியல் மாதிரியேதான் கீது."

உயிர்த்த திருநாள் வாரத்தில் அவளால் இன்னும் நடக்க முடிந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள் முகம் மலர்ந்திருந்தது. சேசுநாதர் உயிர்த்தெழுந்த பிறகு ஒரு விடியற்காலை ஏரிக்கரையில் தாமே நெருப்பு மூட்டி மீன் சுட்டு, இராவெல்லாம் வலைபோட்டுக் களைத்து வந்த சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறாள்.

"நெசமாவா? சாமியே மீன் சுட்டாரா? உங்க பொஸ்தகத்துல கீதா?"

"இருக்கிறது. யோவான் எழுதியதில், கடைசி அதிகாரம்."

"இன்னா மீனுன்னு போட்டுருக்கா?"

"வரும்போது பார்க்கலாம்."

"எப்ப வரும்?"

தாளைப் பார்த்துச் சொன்னேன். ஐப்பசியில் வரும்.

"அதுவரைக்கும் அடுப்புல கெடந்தா கருகிப் பூடாதா?" என்றாள். அக்காவும் சேர்ந்து மூவரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

ஆடியில் அவள் எழுந்து உட்காருவதே அரிதாகிவிட்டது. இருமலில் இரத்தம் வந்தது. புதுச்சேரி டாக்டர் பால், முட்டை, காற்று என்று சொல்லி அனுப்பினார். என்னிடம் தனியாக வேறு விதமாகச் சொன்னார். அப்போதிலிருந்து அவள் அடிக்கடி கேட்கத் தொடங்கினாள். கேட்பதில் கெஞ்சல் இருக்காது.

"இன்னைக்கு அந்த மீன் சேதியப் படிங்களேன்."

"வரிசையில் வரும்."

"வரிசையா இன்னா? நடுவுல ஒரு நாளு படிச்சுட்டு அப்பால உங்க எடத்துக்கு வாங்க."

"மேரியில் போன மாதப் பதிவுக்கு முன்னால் இந்த மாதப் பதிவை எழுத முடியுமா?"

"நான் இன்னா பதிவா?"

அடுப்படியிலிருந்து அக்கா வந்துவிட்டாள். "ஏண்டா, ரெண்டு பக்கம் தள்ளிப் படிச்சா இன்னாடா கொறைஞ்சிடும்? பெரிய கவர்னரு!"

நான் அன்றைய பகுதியைத் தொடங்கினேன். தீர்க்கதரிசிகளின் பகுதி. பட்டணங்களின் மேல் சாபம், அரசர்கள் மேல் சாபம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகும் சத்தமாக வாசித்துக் கோடு போட்டேன்.

பிற்காலத்தில் யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். அந்த அதிகாரத்தை முன்கூட்டியே வாசித்தால் அவள் ஐப்பசிவரை இருக்கமாட்டாள் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், அந்தப் பயத்தில்தான் வாசிக்கவில்லை என்று. கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். அது பொய். எனக்கு அந்தச் சிவப்புக் கோடுகள் பிடித்திருந்தன. ஒரு கட்டம்கூட விடாமல் அவை வரிசையாக நிற்பதைத் தினமும் தாளை விரித்துப் பார்ப்பேன். எங்கள் பக்கத்தில் எந்தக் கத்தோலிக்கனும் செய்யாததைச் செய்கிறேன் என்ற நினைப்பு இருந்தது. அவள் அதைக் கலைக்கப் பார்க்கிறாள் என்று உள்ளுக்குள் எரிச்சல்கூட இருந்தது. உண்மை இவ்வளவுதான்.

ஆவணி முடியும்போது சாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலத்துக்குரிய பகுதியில் தீர்க்கதரிசி ஒருவர் தரிசனத்தில் ஓர் ஆலயத்தைக் காண்கிறார். கையில் அளவுகோல் வைத்திருக்கும் ஒருவர் அதை அளந்து காட்டுகிறார். வாசல் இத்தனை முழம், சுவர் இத்தனை முழம், தூண் இத்தனை முழம். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டவள் ஒருமுறை கையைத் தூக்கினாள்.

"அந்தக் கரையில..." என்றாள்.

எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். "இன்னும் ஒரு அதிகாரம்தான்" என்று சொல்லிவிட்டு அளவுகளைத் தொடர்ந்தேன். தலை நிமிர்ந்தபோது அக்கா அவள் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கடைவாயில் வழிந்தது.

மறுநாள் அடக்கம். பனித்திட்டிலிருந்து மாமனார் வந்து, குழிக்கு மண் தள்ளிய பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எம்பொண்ணு எதுனா ஆசப்பட்டுக் கேட்டாளா மாப்ள?"

"ஒன்றும் கேட்கவில்லை மாமா."

"நல்லதாப் போச்சு. கொறையில்லாமப் போனா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் மேரியில் அவள் இறப்பை நானே பதிந்தேன். சாயங்காலம் வந்து அன்றைய பகுதியை வாசித்தேன், கேட்க யாரும் இல்லாமலே. அக்கா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐப்பசியில் அந்த அதிகாரம் வந்தது. வெளியே அடைமழை. வாசித்தேன். வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. கரியில் மீன் இருந்தது, ரொட்டி இருந்தது, வாருங்கள் என்று கூப்பிட்டது இருந்தது. என்ன மீன் என்று இல்லை. புத்தகத்தை மூடினேன். அன்று முதல்முறையாகக் கோடு போடக் கை வரவில்லை.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பனித்திட்டுக்கு நடந்தேன். மாமனார் படகடியில் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். எதிரே மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது, நான் மறுத்தது, கல்லறையடியில் அவரிடம் பொய் சொன்னது. அவர் கை நிற்கவில்லை.

"எத்தினி பக்கம் அது?"

"ஒன்றரைப் பக்கம்."

அவர் முடிச்சை இழுத்து இறுக்கினார். நான் துணியை அவிழ்த்துப் புத்தகத்தைத் திறந்தேன். "உங்களுக்காவது வாசிக்கிறேன் மாமா."

"வாணாம் மாப்ள" என்றார். குரல் உயரவில்லை. "அவளுக்குப் படிக்காதத எனக்குப் படிக்க வாணாம். மூடு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை 'நீங்க' என்று பேசியவர். மூடினேன். அவர் வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. நானும் அந்த ஊருக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அன்றைய பகுதி பாக்கி இருந்தது. விளக்கை ஏற்றி அதையும் வாசித்தேன். விடமுடியவில்லை. மார்கழி நடுவில் கடைசிக் கட்டம்வரை முடித்து அக்காவிடம் சொன்னேன். சோறு போட்டு வைத்திருக்கிறேன், ஆறிப்போகிறது என்றாள்.