இலை மடிந்த பக்கம்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் திருச்செல்வத்தின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைத் தெரியாதவன் கிள்ளானையே தெரியாதவன். தோட்டத்துப் பள்ளியில் நாலாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் தட்டுக் கழுவி, அதே கையால் சொந்தக் கடைக்குச் சாவி போட்ட மனிதர். அவருடைய மட்டன் பிரட்டலுக்காக அந்த ஊரின் பேர்போன சாத்தேயை, குச்சியில் சுட்ட இறைச்சியை, விட்டுவிட்டுக் காஜாங்கிலிருந்து வருகிறவர்கள் உண்டு. உழைத்து மேலே வந்தவனுக்குக் கொஞ்சம் வாய் இருக்கத்தான் செய்யும். இருக்கவும் வேண்டும்.

அரசியல் வாதம் என்றால் அவருக்கு உயிர். கல்லாவுக்கு மேலே தொலைக்காட்சியில் விவாதம் ஓடினால் குழம்பு ஊற்றுகிற கை அந்தரத்தில் நின்றுவிடும். கடையில் யாராவது மாற்றுக் கட்சி பேசினால் அவரிடம் ஒரே அடிதான்.

"நீ டிகிரி வாங்குன. என்ன வச்சிருக்க? நான் நாலாங்கிளாஸ். கடை வச்சிருக்கேன்."

அதோடு எதிராளி ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். பெட்டாலிங் ஜெயாவில் வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் மகள் விஷ்ணுப்ரியா மட்டும் சிரிக்க மாட்டாள். "அப்பா, அவரு கேட்டது ரோட்டுப் பள்ளத்தப் பத்தி. நீங்க அவரத் திட்டுனீங்க. அது பதில் இல்லப்பா" என்பாள். எதிராளி வாய் மூடினால் அதுதான் பதில் என்பார் இவர்.

இடைத்தேர்தல் வந்தது. வேட்பாளர் லோகன் ஒரு மதியம் ஆட்களோடு கடைக்குச் சாப்பிட வந்தார். ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கட்சி எதுவானாலும், வேட்பாளரே தன் கடைக்கு வந்ததில் திருச்செல்வத்துக்குத் தலை கால் புரியவில்லை.

சாப்பாடு பிடித்திருந்தால் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டில்தான். கிள்ளானில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லோகன் சாப்பிட்டு முடிக்கும்போது போன் வந்தது. இலையை மடிக்காமலே எழுந்து நின்று பேசத் தொடங்கினார். பெரிய மனிதர் சாப்பிட்ட இலையை வேலையாள் எடுத்தால் மரியாதை இல்லை என்று திருச்செல்வமே போனார். மேசைக்கு எதிரே நின்று, தன் பக்கமாக இலையை மடித்தார். தனக்கு இந்தப் பக்கம் என்றால் லோகனுக்கு அந்தப் பக்கம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. எச்சில் இலை வாளியை எடுக்க அவர் திரும்பிய நேரத்தில் யாரோ படம் பிடித்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் மடிந்த இலை. அதன் பின்னால் போனில் சிரிக்கும் லோகன்.

மறுநாள் அந்தப் படம் வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. எதிர்க் கட்சியின் பேச்சாளர் சிவநேசன் அதைத் திரையில் போட்டே கூட்டம் நடத்தினார். இப்படி மடித்தவன் நம் சாவை விரும்புகிறவன், அவன் ஜெயித்தால் முதலில் தமிழ்ப்பள்ளி போகும், பிறகு கோயில் போகும், பிறகு நாமே போவோம் என்று படிப்படியாக இறங்கினார். அதே சிவநேசன் பேச்சைக் கேட்டுத் தொலைக்காட்சி முன்னால் தொடையைத் தட்டியவர் திருச்செல்வம். ஒரு இலையிலிருந்து இத்தனை தூரம் எப்படிப் போனார் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தார். சிவநேசன் கடைசியில் இன்னொன்றும் சொன்னார்: அந்த இலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த கடைக்காரனும் அவன் ஆள்தான்.

பிறகு போன் வரத் தொடங்கியது. பேர் சொல்லாத ஒரு குரல், "கடை மேல ஆசை இருந்தா வாயத் தொறக்காதீங்க, அங்கிள்" என்றது. இன்னொன்று, ஏன் வாயைத் திறக்கவில்லை, அப்போது நீயும் உடந்தையா என்று கேட்டது. ஒரு காலையில் கடையின் இரும்புக் கதவில் சிவப்புப் பெயிண்ட் வழிந்துகொண்டிருந்தது. வேலையாட்கள் தேய்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் விவாதம், சாட்சியாக வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று சிவநேசனின் ஆட்கள் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். விஷ்ணுப்ரியா வேண்டாம் என்றாள்.

"ஆமாவா இல்லையானு மட்டும்தான் கேப்பாங்க. மிச்சத்தச் சொல்ல விட மாட்டாங்கப்பா."

"நான் பேசாத பேச்சா? உண்மைய வச்சிருக்கறவன் எதுக்கு பயப்படணும்?" என்றார். சட்டைப் பொத்தான்களை அவர் மாற்றிப் போட்டிருந்ததை அவள் பார்த்தாள். அவளே சரிசெய்துவிட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையின் ஒரு ஓரத்தில் லோகன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சிவநேசன் மைக்கை இவரிடம் நீட்டினார்.

"அண்ணே, சுத்தி வளைக்க வேணாம். இலை எந்தப் பக்கம் மடிஞ்சிருந்துச்சு?"

"அந்தப் பக்கம்தான். ஆனா…"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. திருச்செல்வம் மைக்கைப் பிடித்து இழுத்தார்.

"ஆனா மடிச்சது அவரு இல்ல. நான். எதிர நின்னு மடிச்சேன். மரியாதைக்கு."

தட்டிய கைகள் அப்படியே நின்றன. உண்மை போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். சிவநேசன் மெதுவாகச் சிரித்தார்.

"அப்ப நம்ம சாவுக்கு இலை மடிச்சது நீங்களாண்ணே?"

பின் வரிசையிலிருந்து ஒருத்தன், "விடுங்க பாஸ், நாலாங்கிளாஸ் படிச்சவருக்கு என்ன தெரியும்லா" என்றான். ஜனம் சிரித்தது. கடையில் எத்தனையோ பேரை எழுந்து போக வைத்த அந்த ஒரே அடி இப்போது திருச்செல்வத்தின் தலையில்தான் விழுந்திருந்தது. முதல் வரிசையில் மட்டும் எத்தனை போன்கள் தன் முகத்துக்கு நேரே நிற்கின்றன என்பதைத்தான் அவர் பார்த்தார்.

திங்கட்கிழமை மதியம் கடை திறந்துதான் இருந்தது. வந்தவர்கள் வாசலிலேயே நின்று "தப்பாவ்" என்றார்கள். பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போனார்கள். தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிற, ரயில்வேயில் ஓய்வு பெற்ற நாகையா மட்டும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பிறகு இலையின் ஓரத்தைப் பிடித்தவர், ரோட்டைப் பார்த்தார். எதிரே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். ஒருவன் கையில் போன் உயர்ந்திருந்தது.

"முதலாளி," நாகையாவின் குரல் தாழ்ந்தது. "எந்தப் பக்கம் மடிக்கட்டும்?"

திருச்செல்வமும் ரோட்டைப் பார்த்தார். நாகையா விரலை எடுத்துக்கொண்டு, காசை மேசையில் வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்.

இலை திறந்தபடி கிடந்தது. ஈ வந்து உட்கார்ந்தது. எடுக்கப் போன பையனைத் திருச்செல்வம் கையைப் பிடித்து நிறுத்தினார். தானும் போகவில்லை. எதிரே அந்தப் போன் இன்னும் இறங்கவில்லை.