கிராப்புத் தலையோடு அம்மா

அன்புள்ள பெரியவளுக்கும் சின்னவனுக்கும்,

அம்மா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுத்தபோது நீங்கள் இருவரும் போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "அப்பா, அட்டையில அந்தக் கிராப்புப் படத்தையா போடுறீக? பொடிப் பாக்கெட்டுல இருந்த நீள முடிப் படம் எம்புட்டு நல்லா இருக்கும்?" போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. நான் எட்டாவது வரை படித்த, மாவு மில் ஓட்டுகிறவன். எழுதினால் நிதானமாக வரும் என்று நினைத்து எழுதுகிறேன். வீட்டில் "ஏ புள்ள" என்று நான் கூப்பிட்ட அம்மாவை இங்கே மரியாதை சேர்த்து எழுதுகிறேன். இருந்திருந்தால், "இதென்ன புதுப் பழக்கம்?" என்று சிரித்திருப்பார்.

அம்மா பிறந்தது தேவதானப்பட்டி. மாந்தோப்புக் காவலும் தோட்ட வேலையுமாக இருந்த குடும்பம். வேலைக்கு நடுவிலேயே பத்தாவது முடித்தார். என்னைக் கட்டிக்கொண்டு சின்னமனூருக்கு வந்தபோது பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. மில் தூசி படியாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் மாவு சலிப்பார்.

சின்னவன் பிறந்த பிறகு அந்த முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பாயில் முடி, சோற்றில் முடி. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைச்சல் என்று மாத்திரை கொடுத்தார். கீரை நிறையச் சாப்பிடச் சொன்னார். அம்மா இரண்டையும் விடாமல் செய்தார். முருங்கை இலை, கறிவேப்பிலை, நெல்லிக்காய் எல்லாம் நிழலில் காயவைத்து, கறுப்பு எள்ளும் கொஞ்சம் பனங்கற்கண்டும் சேர்த்து நம் மில்லில் அரைத்து, முதல் பிடிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். கொட்டுவது நின்றது.

அரைக்க வந்த பெண்கள் பார்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். பொடி வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் பொடியால்தான் முடி நின்றது என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. "முதல்ல ரத்தம் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. பொடி எங்க போகப் போகுது?" என்று திருப்பி அனுப்புவார்.

"யாவாரத்துக்கு வந்தவுகள ஆஸ்பத்திரிக்கு அனுப்புறவ ஊருலயே நீ ஒருத்திதான்" என்பேன் நான்.

"நாளைக்கு முடி வரலைன்னா ஒங்க மில்லையும் சேத்துல்ல வைவாக?"

கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சையில் விற்காமல் கழிந்ததை வாங்கிப் பிழிந்து, கொட்டையைக் கழுவிக் காயவைத்து, நெல்லிப் பொடியோடு அரைத்து இன்னொன்றும் போட்டார். அதுவும் உள்ளுக்குத்தான், முகத்துக்காக. "இதச் சாப்பிட்டா சுருக்கம் போயிருமா?" என்று கேட்பார்கள். "வந்த சுருக்கம் வந்ததுதேன் அக்கா. நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குனா மூஞ்சி தெளிவா இருக்கும். இது கூடத் தொணைக்கு" என்பார். இப்படிச் சொல்லியும் வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

ஓடைப்பட்டி மதினியை உங்களுக்குத் தெரியும். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். உறவு இல்லை, வாய்ப்பழக்கத்தில் அம்மாவும் அவரும் ஒருவருக்கொருவர் மதினி. ஒருநாள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு மில்லுக்குள் வந்தார்.

"ஏ மதினி, என்னத்தப் பொடி குடுத்த? தல பூரா எறும்பு மொய்க்குது!"

"ஆத்தாடி! அது உள்ளுக்கு மதினி!"

"நானும் முடிக்கு உள்ளுக்குத்தான தேச்சேன்!"

அன்றிலிருந்து சாப்பிடுகிற பொட்டலத்துக்குப் பச்சை நூல், தலைக்குத் தேய்க்கிற சீயக்காய்க்குச் சிவப்பு நூல். பச்சை நூல் பொட்டலத்தின் மேல் "உள்ளுக்கு மட்டும்" என்று அம்மா தம் கையால் எழுதினார். கீழேயே "வாயால் சாப்பிடுவது" என்றும் எழுதினார், மதினிக்காக.

பிறகு போடி கடைவீதியில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி மொத்தமாக எடுக்க வந்தார். பாக்கெட் அச்சடித்தார். "முடி வளரும்" என்று ஒரு வரி போடச் சொன்னார். அம்மா முடியவே முடியாது என்றுவிட்டார். கடைசியில், பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நிற்கிற அவர் படத்தைப் போட மட்டும் சம்மதித்தார். "என் முடிதான, நெசம்தான" என்றார்.

நீங்கள் இருவரும் வெளியூரில் வேலைக்குப் போன பிறகு அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. மதுரையில் வைத்தியம். மருந்து ஏற்றுவதற்கு முன் டாக்டர், "உள்ளுக்கு வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். அம்மா பொடியைப் பற்றிச் சொன்னார். வைத்தியம் முடிகிறவரை நிறுத்தி வையுங்கள், எது எதோடு சேரும் என்று தெரியாமல் சாப்பிடக் கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ஆண்டிபட்டிக் கணவாயில் அம்மா சொன்னார்: "நானே திங்கக் கூடாதத, வாங்குறவுக என்ன மாத்திரை சாப்பிடுறாகன்னு கேக்காம எப்படிங்க குடுக்குறது?"

அன்று முதல் கேட்டார். மாத்திரை சாப்பிடுகிறவர்களை டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னார். பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

பிறகு, ஏற்றிய மருந்தால் முடி கொட்டியது. இந்தத் தடவை மொத்தமாக. பொடி விற்கிறவருக்கே முடி இல்லை என்று கடைவீதியில் பேச்சு வந்துவிடும் என்று அண்ணாச்சி கவலையோடு வந்தார். "அக்கா, தல பூரா மூடுற மாதிரி ஒரு சவுரி வச்சுக்கோங்க. ஒடம்பு சரியாகுற மட்டும்தான். யாருக்குத் தெரியப் போகுது?" நானும் அதையேதான் சொன்னேன். அம்மா சவுரி முடி வைத்துக்கொண்டு ஒரு காலை மில்லில் உட்கார்ந்தார்.

அன்று ஓடைப்பட்டி மதினி மகளோடு வந்தார். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டிக்கொண்டிருந்தது. மதினி பாக்கெட்டை எடுத்துப் படத்தை மகளிடம் காட்டி, "இந்தா பாரு, அத்தைக்கு எம்புட்டு முடி! ஒனக்கும் இப்படி வளரும்" என்றார்.

அம்மா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சவுரியைக் கழற்றித் தராசுத் தட்டில் வைத்தார். நான் மில்லை நிறுத்திவிட்டேன்.

மதினிதான் முதலில் பேசினார். "அடியாத்தி! உள்ளுக்குத் தின்னதுலயா மதினி கொட்டிருச்சு? நல்லவேள, நான் தேச்சதோட நிறுத்துனேன்!"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைத்தியம் தொடங்கியதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. விஷயத்தைச் சொன்னதும் மதினி அழுதுவிட்டார். அம்மா அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, "படத்தப் பாத்து வாங்காத தாயி. டாக்டரம்மாவப் பாத்துட்டு வா. காய்ச்சலுக்குக் கொட்டுனது தானா வந்தாலும் வந்துரும்" என்றார்.

அன்றே அண்ணாச்சியிடம் படத்தை எடுக்கச் சொன்னார்.

"படம் இல்லாட்டி விக்காதுக்கா."

"விக்கிறது வித்தாப் போதும் தம்பி. அந்தப் படத்துல இருக்குறது நான் இல்ல இப்ப."

அண்ணாச்சி மறுபேச்சுப் பேசாமல் முருங்கைக் கொப்புப் படம் போட்டு அச்சடித்தார். வியாபாரம் குறைந்தது. நின்றுவிடவில்லை.

வைத்தியம் முடிந்து முடி திரும்ப முளைத்தது. முன்பு கோரைப்புல் போல நேராக இருந்தது, இப்போது சுருட்டையாக வந்தது. கண்ணாடியில் பார்த்து, "ஏங்க, நம்ம சின்னவன் மாதிரியே இருக்கேன்ல?" என்றார். லோயர் கேம்பில் அணைத் தண்ணீர் திறந்துவிட்ட சமயம் பார்க்கப் போயிருந்தோம். அங்கே காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் போனில் எடுத்ததுதான் அட்டையில் இருக்கும் படம். யாருக்காகவும் ஒன்றையும் ஒட்டவைக்காத தலை.

நோய் திரும்பி வந்தபோது வலி இருந்தது, குறை சொல்லவில்லை. மில்லை ஒட்டிய அறையிலேயே கட்டில் போடச் சொன்னார். மில் ஓடினால்தான் தூக்கம் வரும் என்பார்; நிறுத்தினால் உடனே விழித்து, "கரண்டு போயிருச்சா?" என்று கேட்பார். கடைசி நாள் மதியம் சோளம் அரைத்து முடித்து நிறுத்தினேன். அம்மா கேட்கவில்லை.

இதுதான் காரணம், பிள்ளைகளே. நீள முடிப் படத்தை அம்மாவே எடுக்கச் சொன்னார். அவர் எடுக்கச் சொன்னதை அவர் பெயரில் வருகிற மலரில் திருப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் படம் வீட்டில் இருக்கிறது; நீங்கள் வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை டாக்டருக்கும் நர்ஸ் பெண்களுக்கும், ஒவ்வொரு முறையும் தம் காரிலேயே கூட்டிப்போன போடி அண்ணாச்சிக்கும், கடைசி வரை கஞ்சி கொண்டுவந்து வம்பு பேசிச் சிரிக்கவைத்த ஓடைப்பட்டி மதினிக்கும், தூக்கவும் துடைக்கவும் துணை நின்ற தெருக்காரர்களுக்கும், இன்று நினைவு நாளுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறவுகளுக்கும் எங்கள் கும்பிடு.

மலரோடு ஆளுக்கொரு பொட்டலம் வைத்திருக்கிறோம். அம்மா சொன்ன பக்குவத்தில் நான் அரைத்தது. பச்சை நூல் கட்டியிருக்கிறது, உள்ளுக்கு மட்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு நூலைப் பிரியுங்கள்.