அந்தச் சால்வை

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குழிகளைப் பற்றித் துணிந்து எழுதும் பெண்மணி ஒருவரை எங்கள் அரசுக் கல்லூரியில் பேச அழைத்திருந்தேன். கூட்டத்தன்று காலை முதல்வர் கூப்பிட்டார்.

"மேலேருந்து போன் வந்துடுச்சு சார். அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க."

பெரம்பலூர் தாண்டிவிட்டவரைத் திருப்பி அனுப்பினேன். அந்த 'மேலே' யாரென்று மதியம் தெரிந்தது. போன் செய்த ஆளுங்கட்சிப் பிரமுகரே சிறப்பு விருந்தினராக வந்து இறங்கினார். அந்தப் பெண்மணிக்கு நான் வாங்கிய சால்வையை இவருக்குப் போர்த்தினேன். மாணவர்கள் பயப்படாமல் கேள்வி கேட்க வேண்டும் என்று முழங்கினார்.

ஒரு மாணவி எழுந்தாள். "பேச வேண்டியவங்க ஏன் சார் வரல?"

"கூப்பிட்டவரு அவருதானம்மா, அவரையே கேளு" என்று பிரமுகர் என்னைக் காட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதல்வர் நாட்டுப்பண் போடச் சொல்லிவிட்டார். எல்லோரும் அசையாமல் நின்றோம்.