கண்ணாடியில் ஒட்டிய பல்சக்கரம்

ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஞானப்பிரகாசத்துக்கு வயது நாற்பத்தெட்டு. பாம்புக்குப் பயமில்லை, அட்டைக்குப் பயமில்லை. முதுகில் களைக்கொல்லிக் கேனைச் சுமந்துகொண்டு வழுக்குப் பாறையில் ஏறுவார். தோட்டத்துச் சாமான் தொலைந்தோ கெட்டோ போய்விடுமோ என்பதுதான் ஒரே பயம். போன மாசம் கையுறையைத் தொலைத்துவிட்டேன் என்று சொன்ன, கூட மருந்தடித்த டெனிசை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தக் கையுறையை டெனிஸ் ஒரு நாளும் போட்டதில்லை என்பது வேறு விஷயம்.

மருந்தடிக்கிற பன்னிரண்டு பேருக்கும் கண்ணில் மருந்து படாமலிருக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி கொடுத்து எட்டு மாசமாகிறது. போட்டால் ஆவி படிந்து மரமும் ஆளும் ஒன்றாகத் தெரியுமாம். ஆகையால் பன்னிரண்டும் அவர்கள் குடியிருக்கும் லயத்துச் சுவர்களில், ஆணியில் தொங்கிப் பத்திரமாக இருந்தன. கண்களுக்குத்தான் அந்தப் பத்திரம் கிடையாது.

கொழும்பில் தையல் கடையில் வேலை பார்க்கும் மகள் சரோன் போனில் ஒரு படம் அனுப்பினாள். ஸ்டீம்பங்க் வேஷமாம். நீராவி எஞ்சின் காலத்து ஆள் மாதிரி, பித்தளையும் தோலும் பல்சக்கரமுமாகக் கட்டிக்கொண்டு போட்டிக்குப் போகிறார்களாம்.

“பெரிய வெள்ளி நாடகத்துக்கு ரோமச் சிப்பாய் தொப்பியெல்லாம் நீங்கதானேப்பா செஞ்சீங்க? இந்தக் கண்ணாடி ஒண்ணு செஞ்சு அனுப்புங்க.”

ஞானப்பிரகாசம் சுவரைப் பார்த்தார். கண்ணாடி சும்மாதான் தொங்கியது. செப்பு நிறம் அடித்து, அடுப்புக்கரி தேய்த்துப் பழசாக்கி, ஓரத்தில் காலில் போட்டுக் கிழிந்த சப்பாத்தின் தோலை வைத்து, செத்துப்போன அலாரம் மணிக்கூட்டின் சக்கரங்கள் ஐந்தை ரப்பர் பாலால் ஒட்டினார். ரப்பர் தோட்டத்துக்காரன் கடையில் பசை வாங்குவதா என்ற கர்வம்.

“இதப் போட்டுக்கிட்டு கோயிலுக்கு வந்துராதீங்க, சாமியார் ஓடிப்போயிருவாரு” என்றாள் மனைவி செலினா.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கங்காணி லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார்: “நாளைக்கு கொழும்புல இருந்து ஆடிட் மிஸ் வாராங்க. காலைல பெரட்டுக்குக் கண்ணாடியோட வந்து நிக்கணும். இல்லாதவனுக்கு வேலை இல்லன்னு ஐயா சொல்லிட்டாரு.”

ஐயா என்றால் பீல்ட் ஆபிசர். கடையில் வேறொன்று வாங்கலாம் என்றால் தோட்டத்துக் கண்ணாடியில் நம்பர் பொறித்திருந்தது. ஞானப்பிரகாசம் தண்ணீர் விழும் பீலியடியில் உட்கார்ந்து சுரண்டினார். நான்கு சக்கரமும் தோலும் வந்தன. ஐந்தாவது அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். பெயின்ட் பாதி போனது, பாதி திட்டுத்திட்டாக நின்றது, கண்ணாடி கீறல் விழுந்து கஞ்சித்தண்ணி நிறமானது.

“தேய்க்கத் தேய்க்க மோசமாவுதே. உள்ளதச் சொல்லிருவோங்க” என்றாள் செலினா.

“உள்ளதச் சொல்லித்தான் டெனிசு வீட்ல கெடக்கான்.”

மகளுக்கு, வேறு யாரிடமாவது கேட்டுக்கொள் என்று செய்தி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். பதினொரு கண்ணாடிகள் பளபளத்தன. கடைசியில் நின்ற ஞானப்பிரகாசம் தன்னுடையதை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார். பாதுகாப்புச் சாமான்களைச் சோதிக்க வந்த ஆடிட் மிஸ் பஹ்மா முதல் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

“இதுல ஒட்டியிருக்கிற தாளக்கூட உரிக்கலையே.”

இரண்டாவதிலும் தாள். மூன்றாவதிலும் தாள். அவர் பின்னால் வந்த ஐயாவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. பதினொன்றும் முடிந்து பஹ்மா பன்னிரண்டாவதைக் கையில் எடுத்தார். கீறல், கறை, கருத்துப்போன ரப்பர் பால். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எவ்வளவு நாளா இதப் போடுறீங்க?”



“எட்டு மாசமா, மிஸ். டெய்லி போடுவான்” என்றார் ஐயா.

“இந்தத் தோட்டத்துல நிஜமாப் போடுறவர் இவர் ஒருத்தர்தான்” என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கிய பஹ்மா பேனாவை நிறுத்தினார். “இந்தச் சக்கரம் என்ன?”

ஞானப்பிரகாசம் ஐயாவைப் பார்த்தார். ஐயா ஞானப்பிரகாசத்தைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே பயம். படித்தவர் முந்திக்கொண்டார்.

“காத்துப் போற வால்வு, மிஸ். ட்ரையலுக்கு ஒண்ணு செஞ்சு பார்த்தோம். மத்தவங்களுக்கும் செய்யப் போறோம்.”

“நல்லது. மூணு மாசத்துல திரும்பி வருவேன். அது எப்படி வேலை செய்யுதுன்னு கழட்டிக் காட்டணும்.”

வாகனம் கீழே திரும்பியதும் ஐயா நெருங்கி வந்தார். மற்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

“யாரு செஞ்சது?”

“நாந்தாங்க ஐயா.”

“எதுக்கு?”

“வேஷம் கட்டுறதுக்குங்க.”

ஐயா வாகனம் போன பாதையைத் திரும்பிப் பார்த்தார். “சரி. இன்னும் பதினொண்ணு செய்.”

வேலை தப்பியது. “எனக்குச் சின்னச் சக்கரமா வைங்கண்ணே” என்றான் ஏழுமலை, வரிசையில் நின்றவர்களில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஞானப்பிரகாசம் சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஓட்டை ஏது, காற்று ஏது?

“ஐயா, அந்தம்மா கழட்டச் சொன்னாங்கன்னா?”

ஐயா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அதே கேள்வியைத்தான் அவரும் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. ஞானப்பிரகாசத்துக்கு அப்போதுதான் உள்ளபடியே பயம் பிடித்தது.