கன்னத்து மை

ஆத்மநாதன் மாதிரி ஒரு கிறுக்கனை நான் பார்த்ததில்லை. புதுக்கோட்டையில் எங்கள் அச்சகத்துக்கு நோட்டீஸ் படம் வரைந்து கொடுத்தவர் அவர்தான். மதுரைக்கு அனுப்பி பிளாக், அதாவது அச்சில் வைக்கும் உலோகத் தகடு, எடுப்பதற்கான படம். அச்சில் வர வேண்டியதைப் போல இரண்டு மடங்கு பெரிதாக வரைவார். சுருக்கும்போது கோணல்மாணல் எல்லாம் அடங்கிவிடும் என்பார். ஒரு கோடு பிசிறடித்தால் போதும், அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவார். நான் கம்பாசிட்டர், எழுத்துகளைக் கோத்து வைத்துவிட்டு அவருக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில், குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து காத்தாயி வந்தாள். புருஷன் இல்லாதவள். வாத்தியார் அடித்தார் என்று ஒரே மகன் பழனிச்சாமி ஓடிப்போயிருந்தான். நார்த்தாமலைத் திருவிழாக் கூட்டத்தில் அவன் படம் போட்ட நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கையில் இருந்ததோ பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் நிறுத்தி எடுத்த போட்டோ. அதில் பையன் முகம் துவரம்பருப்பு அளவு.

ஆத்மநாதன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு முதலில் வெளிர்நீலப் பென்சிலால் முகத்தைப் பிடித்தார். காத்தாயி பக்கத்திலேயே உட்கார்ந்து, மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதன்மேல் கறுப்பு மையில் கோடு இழுத்தார்.

"நீலக் கோடெல்லாம் அப்புடியே கெடக்கே, அழிக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அது பிளாக்குல விழாது ஆத்தா. கேமராவுக்கு நீலம் தெரியாது."

படத்தின்மேல் மெல்லிய தாளை ஒட்டி மூடியதும், அம்மன் சன்னதியில் வைத்து எடுத்து வருகிறேன் என்று வாங்கிப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் மதுரை பஸ் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டது. தாளைத் தூக்கிப் பார்க்க ஆத்மநாதனுக்கு நேரமில்லை. இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டிக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, கடைப்பலகை எழுதப் பொன்னமராவதிக்குப் போய்விட்டார்.

பிளாக் வந்தது. இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். பையனை நான் முன்னே பின்னே பார்த்திருக்கிறேனா? இருக்கும் போல என்று அச்சடித்தேன். மை காயாத நோட்டீஸை வாங்கிப் பார்த்த காத்தாயியின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு வந்தது.

"எம்புள்ள எதுக்க நிக்கிற மாதிரியே இருக்குய்யா" என்று சொல்லிக் கட்டோடு தூக்கிப் போனாள்.

திருவிழா முடிந்த பிறகு, மூக்கன் என்ற மாட்டு வியாபாரி நோட்டீஸும் கையுமாக அச்சகத்துக்கு வந்தார். காத்தாயி அங்கேதான் இருந்தாள். ஆத்மநாதனும் ஊர் திரும்பியிருந்தார்.

"இதே மொகந்தாங்க. மணப்பாறையில டீக்கடையில கிளாஸ் கழுவிக்கிட்டு இருந்தான். நோட்டீஸ அவன் மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கூடப் பாத்தேன். கன்னத்துல மச்சம் இல்ல. சரி, வேற யாரோன்னு வந்துட்டேன். மனசு கேக்கல, அதான் சொல்லிட்டுப் போவோம்னு."

காத்தாயி எழுந்து நின்றாள். "அது மச்சமில்லய்யா. ஊருக் கண்ணெல்லாம் எம்புள்ள மேல படுமேன்னு சன்னதியில நான் வச்ச கண்மை."

அவளும் ஆத்மநாதனும் அடுத்த பஸ்ஸிலேயே மணப்பாறைக்குப் போனார்கள். யாரோ காகிதத்தைப் பிடித்துத் தன் முகத்தைப் பார்த்ததில் பையன் மிரண்டுவிட்டானாம். பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று பயந்து, ஏதோ ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டான். எந்தப் பக்கம் போன லாரி என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்த காத்தாயி அச்சக வாசலில் உட்கார்ந்து, வலது கையைப் படியில் அடித்துக்கொண்டே இருந்தாள். "இந்தக் கைய வெட்டிப் போடணும். இந்தக் கைதானே வச்சுச்சு." தடுக்கத் தடுக்க அடித்தாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தது.

பிளாக்கோடு திரும்பி வந்திருந்த படத்தை ஆத்மநாதன் எடுத்துத் தாளைத் தூக்கினார். நானும் பார்த்தேன். கன்னத்துப் பொட்டைச் சுற்றிக் கண்மையின் எண்ணெய் ஊறியிருந்தது. அவருடைய மை ஒருநாளும் அப்படி ஊறாது. படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

"ஆத்தா, ஒங்க மை பிளாக்குல விழாது. நீலப் பென்சில் மாதிரிதான் அதுவும். இது எம்பேனாவுல சிந்துன மை. நான் கவனிக்கல."

அவள் அடிப்பதை நிறுத்தினாள். அவரையே பார்த்தாள். பிறகு தெருவில் இறங்கி, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அவர்மேல் தூற்றினாள். "ஒங்கை வெளங்காமப் போவ. ஒங்குடி நாசமாப் போவ." மனுஷன் கண்ணில் விழுந்த மண்ணைக்கூடத் துடைக்காமல் நின்றார்.

பிளாக்கில் அந்தப் பொட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். மறுபடி அச்சடித்துச் சந்தை சந்தையாகக் கொடுத்துப் பார்த்தோம். பையன் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் தெருவில் ஆத்மநாதனைக் கண்டாலே காத்தாயி காறித் துப்பிவிட்டுப் போவாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "உண்மையச் சொல்லித் தொலையுமய்யா" என்றேன்.

"சொன்னா, அந்தக் கையால அவ எப்புடிய்யா சோறு திம்பா?" என்றார்.